30 டிகிரி திரும்பி நிற்கும் ரோபோ: ஃபிரேம் மாற்றும் கணக்கைக் கையால் போட்டுச் சரிபார்ப்பது

ஃபிரேம் என்பது இடத்தை அளக்க எடுத்துக்கொள்ளும் ஆதிப்புள்ளியும் அச்சுகளும். மேப் அறையோடு ஒட்டிய ஃபிரேம். ஒரு ஃபிரேமின் எண்களை இன்னொன்றுக்குக் கொண்டுபோவதுதான் ஃபிரேம் மாற்றம். ரோபோ மேப்பின் எக்ஸ் அச்சைப் பார்த்தபடி நிற்கும்வரை, தப்பான ஃபிரேம் மாற்றமும் சரியான விடையைத்தான் தரும். சைன் 0, காஸ் 1. சுழற்சி அணியைத் தலைகீழாக எழுதியிருந்தாலும், சுழற்றவே மறந்திருந்தாலும், விடையில் வித்தியாசம் தெரியாது. ரோபோவை அறை மூலையில் சதுரமாக வைத்து "எல்லாம் சரியா வருது" என்று முடித்துவிடும் சோதனையால் பயன் இல்லை. 45 டிகிரியும் வேண்டாம். அங்கே சைனும் காஸும் ஒரே எண் என்பதால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் தெரியாமல் போகும். கீழே உள்ள எல்லாக் கணக்கிலும் ரோபோ மேப்பில் (2.000, 1.000) மீட்டரில், இடப்பக்கமாக 30 டிகிரி திரும்பி நிற்கிறது.

வண்டி டர்டில்பாட்3 பர்கர் என்ற சிறு ரோபோ, மென்பொருள் ரோஸ் 2 (ரோபோ நிரல்களை இணைக்கும் கட்டமைப்பு). சக்கர ஆரம் 0.033 மீ, இரு சக்கரங்களுக்கு இடைவெளி 0.160 மீ. எல்டிஎஸ்-01 லைடார் (சுற்றிலும் லேசரால் தூரம் அளப்பது) பேஸ்_லிங்க்கிலிருந்து (ரோபோவின் உடலோடு நகரும் ஃபிரேம்) எக்ஸ் −0.032, உயரம் 0.172 மீட்டரில் இருக்கிறது. அதாவது மையத்துக்குச் சற்றுப் பின்னால். முன்பக்கம் எக்ஸ் 0.070, உயரம் 0.150 மீட்டரில், 15 டிகிரி கீழே பார்க்கும்படி ஒரு ஆழக் கேமரா மாட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வேறு வண்டி என்றால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அச்சு மரபு ரோஸின் ரெப் 103 ஆவணப்படி: எக்ஸ் முன்னால், ஒய் இடப்பக்கம், இசட் மேலே. நீளம் மீட்டரில், கோணம் ரேடியனில், கடிகார முள்ளுக்கு எதிராகத் திரும்பினால் கோணம் கூடும். ஒய் இடப்பக்கம் என்பதில்தான் கணிப்பொறித் திரையில் பழகியவர்கள் இடறுவார்கள். திரையில் ஒய் கீழ்நோக்கிப் போகும்.

முதல் வேலை, லைடார் பார்த்த ஒரு புள்ளியை மேப்புக்குக் கொண்டுவருவது. லைடார் 20 டிகிரியில் 1.500 மீட்டர் தூரத்தில் ஒரு தூணைக் காட்டுகிறது. லைடார் ஃபிரேமில் அது:

எக்ஸ் = 1.5 × காஸ் 20° = 1.4095
ஒய் = 1.5 × சைன் 20° = 0.5130

லைடார் திரும்பாமல் நேராகப் பொருத்தப்பட்டிருப்பதால் பேஸ்_லிங்க்குக்கு வர விலக்கத்தைக் கூட்டினால் போதும்: (1.3775, 0.5130). இனி மேப்புக்கு:

மேப் எக்ஸ் = 2 + காஸ் 30° × 1.3775 − சைன் 30° × 0.5130 = 2.936
மேப் ஒய் = 1 + சைன் 30° × 1.3775 + காஸ் 30° × 0.5130 = 2.133

இதையே வேறு வழியில் போட்டுப் பாருங்கள். லைடாரின் இடம் மேப்பில் (1.972, 0.984). அங்கிருந்து 30 + 20 = 50 டிகிரியில் 1.5 மீட்டர் போனால் (2.936, 2.133). இரண்டும் ஒத்துவந்தால் கணக்கு சரி. சுழற்றாமல் வெறுமனே கூட்டியிருந்தால் (3.378, 1.513) வந்திருக்கும், தூண் 76 செ.மீ தள்ளிப் போயிருக்கும். தூரம் கூடக்கூட இந்தப் பிழையும் கூடும், அருகில் இருந்தால் குறையும். "பக்கத்துல சரியா இருக்கு, தூரத்துலதான் தப்புது" என்று யாராவது சொன்னால் முதலில் கோணத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். எல்லாத் தூரத்திலும் ஒரே அளவு தப்பினால் விலக்கம்.

அடுத்தது எதிர்த்திசை. மேப்பில் (3, 3) என்ற இலக்கு, ரோபோவுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? கழித்தால் (1, 2). அதன்பின் எதிர்க்கோணத்தில் சுழற்ற வேண்டும்:

எக்ஸ் = காஸ் 30° × 1 + சைன் 30° × 2 = 1.866
ஒய் = −சைன் 30° × 1 + காஸ் 30° × 2 = 1.232

இடப்பக்கம் 33.4 டிகிரியில், 2.236 மீட்டர் தூரத்தில். முதலில் கழி, பிறகு சுழற்று. வரிசையை மாற்றினால் விடை மாறும்.

நேர்மாறு என்றாலே குறியை மாற்றினால் போதும் என்ற எண்ணத்தில்தான் நிறையப் பேர் மாட்டுவார்கள். ரோபோ மேப்பில் (2, 1, 30°) என்றால், மேப்பின் ஆதிப்புள்ளி ரோபோவுக்கு (−2, −1) இல் இல்லை, (−2.232, 0.134) இல் இருக்கிறது. கோணத்துக்கு மட்டும்தான் குறி மாற்றம் போதும். இடத்துக்குக் குறியையும் மாற்றி, எதிர்க்கோணத்தில் சுழற்றவும் வேண்டும்.

தெற்கத்தி வீடுகளில் "அந்தக் குடத்தைக் கிழக்கால நகர்த்து" என்பார்கள். சொல்பவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் குடம் போய்ச் சேரும் இடம் மாறாது. மேப் ஃபிரேம் அந்த மாதிரி. "இடப்பக்கம் நகர்த்து" என்பது பேஸ்_லிங்க். நிரலில் மாறிப் பெயர் வைக்கும்போதே இது தெரிந்துவிட வேண்டும். வெறும் "இலக்கு" என்று பெயர் வைக்காமல் "இலக்கு_மேப்", "இலக்கு_பேஸ்" என்று வைத்துவிட்டால் பாதிப் பிழை தட்டச்சு செய்யும்போதே கண்ணில் படும். ஒரு மேப் எண்ணையும் ஒரு பேஸ் எண்ணையும் நேராகக் கூட்டும் வரி எங்கே இருந்தாலும் அது தப்பு. இதற்கு விதிவிலக்கு இல்லை.

இனி ஓடம் ஃபிரேம் (ஓடோமெட்ரி என்பதன் சுருக்கம்: சக்கரம் உருண்ட கணக்கை வைத்து ரோபோவின் இடத்தைச் சொல்வது). ரெப் 105 சொல்லும் வரிசை: மேப், அதன்கீழ் ஓடம், அதன்கீழ் பேஸ்_லிங்க். (பர்கரில் ஓடத்துக்கு நேர்கீழே வருவது பேஸ்_ஃபுட்பிரிண்ட், அதற்கு 1 செ.மீ மேலே பேஸ்_லிங்க்.) ஓடத்தில் ரோபோவின் இடம் வழுக்கிக்கொண்டே போகும், ஆனால் துள்ளாது. மேப்பில் வழுக்காது, ஆனால் திருத்தம் வரும் நேரத்தில் துள்ளும். டாக்கில் (சார்ஜ் ஏற்றும் இடம்) போய்ச் சேருவது, கண்ணெதிரே இருக்கும் பொருளை எடுப்பது போன்ற சில விநாடி வேலைகளுக்கு ஓடம் நல்லது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வரவேண்டிய இடத்தை மேப்பில் எழுதிவையுங்கள். பேஸ்_லிங்க்கில் எதையும் சேமிக்கவே கூடாது. சக்கரம் உருண்ட அடுத்த கணமே அந்த எண் பொய்.

ஏஎம்சிஎல் போன்ற இடங்காணும் நிரல், மேப்பில் ரோபோ எங்கே என்று கண்டுபிடித்தாலும் அதை நேராக வெளியிடுவதில்லை. டிஎஃப் மரத்தில் (ஃபிரேம்களின் தொடர்பை ரோஸ் வைத்திருக்கும் அமைப்பு) ஒரு ஃபிரேமுக்கு ஒரு பெற்றோர்தான் இருக்க முடியும். பேஸுக்கு ஏற்கெனவே ஓடம் பெற்றோர். ஆகவே மேப்புக்கும் ஓடத்துக்கும் இடையிலுள்ள மாற்றத்தைக் கணக்கிட்டு அதை வெளியிடுகிறது. இதைச் சொந்தமாக எழுதுபவர்கள் இரண்டு இடங்களையும் கழித்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். மேப்பில் (2.00, 1.00, 30°), ஓடத்தில் (1.90, 1.10, 25°) என்று இருந்தால் கழித்தலின் விடை (0.10, −0.10, 5°). கோணம் மட்டுமே சரி. உண்மையில் (1.90, 1.10)ஐ 5 டிகிரி சுழற்றி, கிடைக்கும் (1.797, 1.261)ஐ (2, 1) இலிருந்து கழிக்க வேண்டும். விடை (0.203, −0.261). 5 டிகிரிக்கே இவ்வளவு வித்தியாசம். ஓடத்தின் ஆதிப்புள்ளியிலிருந்து 20 மீட்டர் விலகிப் போன ரோபோவுக்கு இது மீட்டர் கணக்கில் வரும்.

ஃபிரேம் மாற்றங்களைத் தானே கணக்கிடும் டிஎஃப்2 நூலகம் இருக்கும்போது இதையெல்லாம் ஏன் கையால் போட வேண்டும்? நூலகம் கணக்கில் தவறாது. அதனிடம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் தவறுகிறோம். மாற்றத்தைக் கேட்கும் லுக்அப்_டிரான்ஸ்ஃபார்மில் முதலில் தருவது போய்ச் சேர வேண்டிய ஃபிரேம், இரண்டாவது புள்ளி இப்போது இருக்கும் ஃபிரேம். மரத்தில் மேப்பிலிருந்து பேஸ்_லிங்க்குக்கு அம்புக்குறி போட்டிருக்கும். அந்த அம்புக்குள் இருக்கும் எண் மேப்பில் பேஸ்_லிங்க்கின் இடம். அதே எண், புள்ளிகளை பேஸ்_லிங்க்கிலிருந்து மேப்புக்கு மாற்றும். அம்பு ஒரு பக்கம், புள்ளி போவது மறுபக்கம். இதை மனப்பாடம் செய்வதைவிட, டிஎஃப்2_எக்கோவில் மேப், பேஸ்_லிங்க் என்று கொடுத்து, ரோபோவைத் தெரிந்த இடத்தில் வைத்து, வரும் எண் அந்த இடம்தானா என்று பார்ப்பது எளிது.

நிலையான பொருத்தங்களை அறிவிக்கும்போது கோண வரிசை மாறுவது இன்னொரு பழைய தொல்லை. ரோபோவின் பாகங்களை விவரிக்கும் யுஆர்டிஎஃப் கோப்பில் ரோல், பிட்ச், யா (முறையே எக்ஸ், ஒய், இசட் அச்சைச் சுற்றிய திருப்பம்). ஸ்டாட்டிக்_டிரான்ஸ்ஃபார்ம்_பப்ளிஷரின் பழைய வரிசைமுறைக் கட்டளையில் யா, பிட்ச், ரோல். பிட்ச் நடுவில் இருப்பதால் இரண்டிலும் தப்பித்துவிடும். யாவும் ரோலும் இடம் மாறும். பின்பக்கம் திருப்பி மாட்டிய லைடாருக்கு யா 3.1416 கொடுப்பதாக நினைத்து ரோல் 3.1416 கொடுத்துவிட்டால், ரோபோ லைடாரைத் தலைகீழாகத் தொங்குவதாக எடுத்துக்கொள்ளும். ரோஸின் காட்சி நிரலான ஆர்விஸில் இதன் அடையாளம் தெளிவானது: ஃபிக்ஸ்டு ஃபிரேமை ஓடத்தில் வைத்து ரோபோவைத் திருப்பினால், அசையாமல் நிற்க வேண்டிய சுவர் ரோபோ திரும்பும் பக்கமே இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். இரண்டு மடங்கு சுற்றினால் படம் கண்ணாடிப் பிம்பமாகக் கவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். ரோபோவுக்கு எதிர்த்திசையில் ஒரு மடங்கு சுற்றினால் ஓடம் திரும்புவதைக் கவனிக்கவே இல்லை. புதிய ரோஸ் 2 பதிப்புகளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பெயர் சொல்லிக் கொடுக்கும் வசதி இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

குவாட்டர்னியனுக்கு (திருப்பத்தை எக்ஸ், ஒய், இசட், டபிள்யூ என நான்கு எண்களில் எழுதுவது) அதிக இடம் தேவையில்லை. தரையில் ஓடும் வண்டிக்கு இசட் = சைன்(கோணத்தில் பாதி), டபிள்யூ = காஸ்(கோணத்தில் பாதி). 30 டிகிரிக்கு இசட் 0.2588, டபிள்யூ 0.9659. ஓரியன்டேஷன் இசட்டில் நேராக 0.5236 என்று ரேடியனைப் போடுவது தப்பு. நான்கும் 0 என்றால் அது சுழற்சியே அல்ல. திரும்பாத நிலைக்கு டபிள்யூ 1. ரோஸ் செய்தியில் டபிள்யூ கடைசி, ஐகன் என்ற சி++ கணித நூலகத்தின் கன்ஸ்ட்ரக்டரில் டபிள்யூ முதல்.

கேமராவில் ஒரு ஃபிரேம் கூடுதலாக வரும். படக் கணக்குகள் எல்லாம் ஆப்டிகல் ஃபிரேமில்: இசட் முன்னால், எக்ஸ் வலப்பக்கம், ஒய் கீழே. அதை ரோஸ் மரபுக்குக் கொண்டுவர, முன் = இசட், இடம் = −எக்ஸ், மேல் = −ஒய். யுஆர்டிஎஃப்பில் இது ரோல் −1.5708, பிட்ச் 0, யா −1.5708. சாய்வை இதே இணைப்பில் கலக்காமல், கேமரா_லிங்க்குக்கு ஒரு இணைப்பு, ஆப்டிகலுக்குத் தனி இணைப்பு என்று பிரித்து வைத்தால் பிறகு தலைவலி இருக்காது.

சாய்வின் குறி: ஒய் இடப்பக்கம் என்பதால் வலக்கை விதிப்படி பிட்ச் கூடினால் மூக்கு கீழே போகும். கீழே பார்க்கும் கேமராவுக்கு +0.2618. "கீழேதானே, மைனஸ்" என்று கை தானாகப் போட்டுவிடும். கேமரா ஒரு டம்ளரை ஆப்டிகல் ஃபிரேமில் (0.10, −0.10, 0.60) என்று தருகிறது. கேமரா_லிங்க்கில் (0.60, −0.10, 0.10). பிட்ச் +15° போட்டால்:

எக்ஸ் = காஸ் 15° × 0.60 + சைன் 15° × 0.10 = 0.605
இசட் = −சைன் 15° × 0.60 + காஸ் 15° × 0.10 = −0.059

கேமராவின் விலக்கத்தைக் கூட்டினால் பேஸ்_லிங்க்கில் (0.675, −0.100, 0.091). பேஸ்_லிங்க் தரைக்கு 1 செ.மீ மேலே இருப்பதால், தரையில் வைத்த டம்ளரின் விளிம்புக்கு 10 செ.மீ உயரம். நம்பக்கூடியதே. குறியை மாற்றிப் போட்டிருந்தால் (0.624, −0.100, 0.402), டம்ளர் 41 செ.மீ உயரத்தில் அந்தரத்தில் நிற்கும். உயரம் தவறுவது உடனே தெரியும். முன்தூரம் 5 செ.மீ குறைவதுதான் தெரியாமல் கெடுக்கும், உயரத்தைப் பயன்படுத்தாத நிரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

எண்கள் சரி, ஆனால் லைடார் உண்மையில் அங்கேதான் இருக்கிறதா? அளவுகோலால் விலக்கத்தை 2–3 மி.மீட்டருக்குள் எடுக்கலாம், கோணத்தை எடுக்க முடியாது. இதற்கு இரண்டு தனித்தனிச் சோதனைகள் உண்டு. ஒன்றில் தெரியும் பிழை மற்றதில் தெரியாது.

நின்ற இடத்தில் சுற்றுவது விலக்கத்தைக் காட்டும். ரோபோவை 45 டிகிரிக்கு ஒருமுறை நிறுத்தி, நின்றிருக்கும்போது மட்டும் ஸ்கேனைச் சேமித்து, எட்டையும் ஓடம் ஃபிரேமில் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். விலக்கம் 2 செ.மீ தப்பு என்றால் ஒவ்வொரு புள்ளியும் 2 செ.மீ ஆரமுள்ள வட்டத்தில் அலையும். சுவர் 4 செ.மீ தடிக்கும். பர்கரில் அந்த −0.032ஐ விட்டுவிட்டால் தடிப்பு 6.4 செ.மீ. ஆனால் லைடார் 3 டிகிரி திரும்பி மாட்டியிருந்தால் இந்தச் சோதனையில் எதுவும் தெரியாது. அறை முழுவதும் 3 டிகிரி சாய்ந்து, ஆனால் எட்டுத் தடவையும் ஒரே மாதிரி சாய்ந்து விழும்.

அந்தக் கோணத்தைக் காட்டுவது நேர் ஓட்டம். நீளமான சுவரை ஒட்டி 4 மீட்டர் நேராக ஓட்டி, தொடக்க ஸ்கேனையும் கடைசி ஸ்கேனையும் ஒப்பிடுங்கள். 3 டிகிரிக்கு, பக்கச் சுவர் 4 × சைன் 3° = 21 செ.மீ விலகி நிற்கும். விலக்கப் பிழை இங்கே தெரியாது. சுற்றிப் பார்த்து விலக்கத்தைத் திருத்தி, ஓட்டிப் பார்த்துக் கோணத்தைத் திருத்தி, இன்னொரு தடவை சுற்றினால் போதும்.

இந்த இரண்டும் சக்கரக் கணக்கை நம்பி நடப்பவை, ஆகவே அதை முதலில் சரிபார்த்திருக்க வேண்டும். சக்கர இடைவெளி 0.160 என்று எழுதி, டயர் தரையில் பதியும் விதத்தால் உண்மையில் 0.164 ஆக இருந்தால், ஓடம் 10 முழுச் சுற்று என்று சொல்லும்போது ரோபோ 88 டிகிரி குறைவாகத்தான் திரும்பியிருக்கும். தரையில் டேப் ஒட்டி 10 சுற்று விட்டுப் பாருங்கள். ஒரு சுற்றில் தெரியாதது பத்தில் தெரியும். பர்கரில் ஓடத்தின் கோணத்தை ஐஎம்யுவிலிருந்து (திருப்பத்தை உணரும் சென்சார்) எடுக்கும் அமைப்பு இயல்பாகவே இயங்குகிறது. அதை அணைக்காமல் பார்த்தால் சக்கரப் பிழை ஐஎம்யுவுக்குப் பின்னால் மறைந்துவிடும். சக்கரம், ஐஎம்யு எண்களைக் கலந்து இடத்தைக் கணக்கிடும் ரோபோட்_லோக்கலைசேஷன் போன்ற வடிகட்டியைச் சேர்த்தால், சக்கர நிரல் ஓடம் மாற்றத்தை வெளியிடுவதை நிறுத்தியே ஆக வேண்டும். இரண்டும் வெளியிட்டால் ஆர்விஸில் ரோபோ இரண்டு இடங்களுக்கு இடையே படபடக்கும். ஃபிரேம் மரப் படத்தில் கோடு ஒன்றுதான் தெரியும் என்பதால் அங்கே தேடிக் கண்டுபிடிக்க முடியாது. டிஎஃப் டாபிக்கை யார் யார் வெளியிடுகிறார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள்.

மிச்சம் இருப்பது நேரம். ரோபோ விநாடிக்கு 1 ரேடியன் வேகத்தில் திரும்பும்போது 0.1 விநாடி பழைய ஸ்கேனை இப்போதைய இடத்தோடு சேர்த்தால் 5.7 டிகிரி பிழை. 3 மீட்டர் தூரத்தில் 30 செ.மீ. எல்டிஎஸ்-01 ஒரு சுற்றுக்கு 0.2 விநாடி எடுத்துக்கொள்வதால், ஒரே ஸ்கேனின் முதல் கதிருக்கும் கடைசிக் கதிருக்கும் இடையிலேயே 11 டிகிரி போய்விடும். சோதனையில் நிறுத்தி நிறுத்தி எடுக்கச் சொன்னது இதனால்தான். ஸ்கேன் செய்தியில் டைம்_இன்கிரிமென்ட் (ஒரு கதிருக்கும் அடுத்த கதிருக்கும் இடையிலான நேரம்) நிரம்பியிருந்தால் கதிர் கதிராகத் திருத்தலாம். டிரைவர் அதில் 0 அனுப்பினால் எந்த நூலகமும் உதவாது.

நேரம் 0 என்று கொடுத்து டிஎஃப்பைக் கேட்டால் கடைசியாகக் கிடைத்த மாற்றத்தைத் தரும். பிழைச்செய்தி வராது என்பதால் எல்லோரும் இதற்குப் பழகிவிடுகிறார்கள். ரோபோ நிற்கும்போது பரவாயில்லை. ஓடும்போது செய்தியின் ஸ்டாம்ப்பை (அதில் பதிந்த நேரம்) கொடுத்து, 0.1 அல்லது 0.2 விநாடி டைம்அவுட் வைத்துக் கேளுங்கள். "எதிர்காலத்துக்கு நீட்ட வேண்டியிருக்கிறது" என்ற பிழை வந்தால் மாற்றம் இன்னும் வந்து சேரவில்லை. சில மில்லிவிநாடி காத்திருந்தால் சரியாகும். "கடந்த காலத்துக்கு" என்றால் பெரும்பாலும் உங்கள் நிரல் மெதுவாக இருக்கிறது: டிஎஃப்2 இயல்பாக 10 விநாடி வரலாறுதான் வைத்திருக்கும்.

எவ்வளவு காத்திருந்தாலும் எதிர்காலப் பிழை தீரவில்லை என்றால் இரண்டு கணிப்பொறிகளின் (ரோபோவில் உள்ள ராஸ்பெரி பை, உங்கள் மடிக்கணினி) கடிகாரத்தையும் பாருங்கள். ராஸ்பெரி பை 4 வரையிலான பலகைகளில் தனிக் கடிகாரச் சில்லு இல்லை. இணையம் இல்லாத கூடத்தில் இயக்கினால் கடைசியாக அணைத்த நேரத்தை ஒட்டி எழுந்துகொள்ளும், மடிக்கணினியோ இன்றைய நேரத்தில் இருக்கும். மடிக்கணினியில் கடிகாரங்களை ஒத்துவைக்கும் குரோனி நிரலை உள்ளூர் நேர சர்வராக வைத்து, பையை அதைப் பின்பற்றச் சொல்லி, விலகல் சில மில்லிவிநாடிக்குள் வந்தபின் ரோஸ் நிரல்களைத் தொடங்குங்கள். தொடங்கியபின் கடிகாரத்தைத் திருத்தினால் டிஎஃப் பஃபரில் பழைய நேரமும் புதிய நேரமும் கலந்துகிடக்கும். எல்லா நோடுகளையும் மறுபடி தொடங்க வேண்டிவரும்.